ஆவுடையின் வயிற்றுச் சங்கு

உலகம்மை வாக்கப்பட்டு வந்த நாளில், ஆற்றுப்பாலத்தைத் தாண்டிக் கார் திரும்பும்போது, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சினைமாடு அடிவயிற்றிலிருந்து முனகுவதுபோலத் தாழ்வாகத் தொடங்கி, மெல்ல மெல்ல மேலேறி, தென்னை உச்சிகளைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி, மலையில் போய் முட்டி, அங்கிருந்து பாதி இரக்கமும் பாதி அதட்டலுமாக ஊர்மேல் திரும்பி இறங்கிய அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் பக்கத்திலிருந்த புதுப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மில் சங்கு. பயப்படாத. சாப்பிடக் கூப்பிடுது" என்றான் கைலாசம்.

அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு ஒரு ஆயுசு முழுக்க என்னென்னவோ பேசினான், எல்லாம் பஞ்சாகப் பறந்துபோயிற்று. அந்தச் சத்தமும் அந்தச் சொற்களும் மட்டும் ஆற்றடியில் கூழாங்கல் கிடப்பதுபோல அவள் காதின் அடியில் கிடந்தன.

மில் ஓடிய காலத்தில் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. சங்கு கூப்பிட்டது. மில்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் சங்குக்கு முன்பே குழம்பு கொதி அடங்கும், சங்கு ஊதும்போது இலை விரியும், ஊதி ஓயும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டிய ஆண்கள் வாசலில் நிற்பார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகள் தெரியாத்தனமாக "சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டால், "ஏளா, ஒன் வீட்டு ஆளுக்குக் காது கேக்காதோ" என்று அடுத்த வீட்டிலிருந்து சிரிப்பு வரும். வாய்விட்டுக் கூப்பிடுவது, மில்லில் வேலை கிடைக்காதவனைக் கட்டியவளின் தலையெழுத்து என்று ஒரு எண்ணம் அங்கே வேர்விட்டிருந்தது. உலகம்மையும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே வருகிற புருஷன் என்பது அவளுக்குக் காதுத்தோடு மாதிரி ஒரு பெருமை.

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. அவளுக்குப் பெரிய நிறமில்லை, பாட்டு வராது, நாலு பேர் நடுவில் பேசவும் வராது. எதோடு எது சேரும் என்பது மட்டும் தெரியும். புளிக்குழம்புக்கு எந்தத் துவையல் தோழி, கத்தரிக்காயோடு முருங்கைக்காய் எந்த மாசத்தில் சிநேகமாக இருக்கும், எந்தக் கூட்டுக்கு வடகம், எந்த ரசத்துக்கு அப்பளம் என்று லைன் வீட்டுப் பெண்கள் அவளைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். கைலாசம் இலையில் உட்கார்ந்தால் குனிந்த தலை நிமிராது. அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவளுடைய மத்தியானம், அவளுடைய சாமி, அவளுடைய சொத்து.

பிறகு மில்லை மூடினார்கள். எந்திரங்கள் போயின, கடைசியில் சங்கையும் கழற்றிப் பழைய இரும்போடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி போனபோது சாலையோரத்தில் ஆண்கள் தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகு ஊரில் வேளை என்பது இல்லாமல் போயிற்று. நினைத்தபோது இட்லி, நினைக்காதபோது வடை, பொழுது விழுந்தால் மாசானம் கடையில் டீ, விளக்கு வைத்தால் முக்குக் கடையில் பரோட்டா என்று வயிறுகள் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள்போல அலைந்தன. நெஞ்செரிச்சலும் வாயுவும் சர்க்கரையும் வீடு பார்த்து வந்து குடியேறின. கைலாசத்துக்குச் சர்க்கரை வந்தது. அவன் தம்பி சங்கரலிங்கத்துக்குக் குடலில் புண் வந்தது, ஒரு ஆடி மாசத்தில் அது அவனைக் கொண்டுபோயிற்று.

சங்கரலிங்கத்தின் பெண்டாட்டிதான் ஆவுடை. உலகம்மைக்கு ஓரகத்தி. பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். பிள்ளை இல்லை. சங்கரலிங்கம் இருந்தவரை பின்கட்டுச் சுவருக்கு மேலே கிண்ணங்கள் போய் வந்துகொண்டிருந்தன. அவன் போன பிறகு நின்றுவிட்டன. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது என்றுதான் உலகம்மை கேட்டவர்களிடம் சொல்வாள். ஒருநாள் கைலாசம் கை கழுவிக்கொண்டே, "ஆவுடைக்கு ஒரு கிண்ணம் குடு ஏளா, பாவம்" என்று சொன்னதையும், அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் இருந்த ஈரம் தன் அடிவயிற்றில் போய்க் கங்குபோல உட்கார்ந்ததையும் அவள் சொல்லமாட்டாள்.

அந்த வருஷம் கல்யாண மண்டபத்தில் இயற்கை வைத்திய முகாம் ஒன்று நடந்தது. ஊரில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பலர், கேட்டு வந்தவள் ஆவுடை ஒருத்தி. பழம் தின்றால் பழம் மட்டும். சோற்றோடு கிழங்கு சேராது. பாலோடு புளிப்பு சேராது. கீரையும் தயிரும் இஞ்சியும் பொழுது சாய்ந்தால் ஆகாது. பசிக்காமல் உண்ணக் கூடாது, பசித்த பின் தள்ளக் கூடாது, சூரியன் மலைக்குப் பின்னால் போகுமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். காலையில் ஒரு பழம், மத்தியானம் ஒரு சோறு, சாயங்காலம் ஒரு கிழங்கு. "ஆவுட வீட்ல அடுப்புக்கும் விரதம்" என்று லைன் வீடுகள் சிரித்தன. உலகம்மை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கிய ஒரு மத்தியானத்தில், ஆவுடையின் வயிற்றில் மில் சங்கு ஊதியது.

அதே சங்கு. சினைமாட்டின் முனகலாகத் தொடங்கி, தென்னைகளைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி, மலையில் முட்டித் திரும்பியது. ஆவுடை அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, விருந்தாளி முன்னால் ஏப்பம் விட்டவள்போல வெட்கப்பட்டு உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கவளம் தொண்டையில் இறங்கியதும் சங்கு நின்றது.

அன்றைக்கு ஊரில் முதலில் எழுந்தவர்கள் பழைய தொழிலாளிகள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த பலவேசம் பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கித் தூசி தட்டி, இருந்த சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, "தெறந்துட்டான்லே" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் பின்னால் கைத்தடி ஊன்றியவரும், கண்புரை விழுந்தவரும், பேரனின் தோளைப் பிடித்தவருமாக ஒரு ஷிப்டே நடந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். உள்ளே எருக்கஞ்செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். பிறகு, வந்தது வந்தாயிற்று என்று புளியமர நிழலில் உட்கார்ந்து வாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அன்று சாப்பிட்டது செரித்தது என்று எல்லாருமே சொன்னார்கள்.

சாயங்காலம், சூரியன் மலைக்குப் பின்னால் சாய்வதற்குச் சற்று முன் மறுபடியும் ஊதியது. மறுநாளும் ஊதியது, சத்தம் வந்த வழியே போனவர்கள் ஆவுடை வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அதற்கு மேல் அந்த ஊர் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. காலம் காலமாகச் சங்கு ஊதிக்கொண்டிருந்த ஊர், நடுவில் கொஞ்ச நாள் நின்றிருந்தது, இப்போது இடம் மாறி ஊதுகிறது, அவ்வளவுதான். கோயிலில் பட்டர் உச்சிகால பூசையை அதற்குப் பார்த்து வைத்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதை விட்டார்கள். தென்காசி போகிற பஸ் டிரைவர், சங்கு கேட்டால் பாலத்தடியில் வண்டியை ஓரம் கட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். பயணிகளும் பிரித்தார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் ஏப்பம் விட்டு, சூரியனோடு சேர்ந்து அடுப்பை அணைத்துப் படுத்தது. வாயு போயிற்று, நெஞ்செரிச்சல் போயிற்று, முக்குக் கடையில் பரோட்டாக் கல் துருப்பிடித்தது.

வருத்தப்பட்டவன் டீக்கடை மாசானம். இரண்டு வேளைக்கு நடுவில் எவனும் வடைக்கு வருவதில்லை. ஒருநாள் ஆவுடை வீட்டு வாசலுக்கே வந்து நின்றான்.

"ஏ தாயி, சாயங்காலம் நாலு மணிவாக்குல ஒரு சின்ன ஊத்து ஊதப்படாதா? முழுசா வேண்டாம். டீக்கு மட்டும்."

"பசிச்சாத்தான ஊதும் அண்ணாச்சி. வடைக்கெல்லாம் எப்படி ஊதும்?"

"நீ ஊதுத சங்கு எனக்கு ஊதுத சங்கால்லா இருக்கு" என்று புலம்பிக்கொண்டே போனான். போனவன் மறுநாள் அவள் வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தான்.

எல்லாருமே வைத்தார்கள். கொய்யா வைத்தவர்கள் கொய்யா மட்டும், பப்பாளி வைத்தவர்கள் பப்பாளி மட்டும். சேர்த்து வைக்கக் கூடாது என்று இப்போது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. மோரும் மாம்பழமும் சேருமா, தேனும் நெய்யும் சரிபாதி ஆகுமா என்று கேட்கப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். உலகம்மையிடம் கேட்டு உலை வைத்த அதே பெண்கள். கேட்டுவிட்டு, பழத்தை வைத்துவிட்டு, சங்கு ஊதியதும் தத்தம் வீட்டுக்கு ஓடி இலைமுன் உட்கார்ந்தார்கள். ஆவுடை கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

ஊரார் போனது போகட்டும் என்று உலகம்மை விட்டிருப்பாள். கைலாசம் தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆவுடை வீட்டுச் சுவர். அதில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, பாட்டுக் கச்சேரிக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"சோறு ஆறுது" என்றாள் உலகம்மை.

"இன்னும் ஊதல."

"வச்ச கொழம்பு ஏடு கட்டுது."

"வயிறு சொல்லட்டும்."

"யாரு வயிறு?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் தொடங்கியது, அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தோடு எழுந்து வந்து இலையில் உட்கார்ந்தான். உருளைக்கிழங்குப் பொரியலை ஓரத்தில் தள்ளினான். கீரைக்கும் தயிருக்கும் நடுவில் விரலால் வரப்பு கட்டினான். குனிந்த தலை கவளத்துக்குக் கவளம் நிமிர்ந்தது. "ஆவுட இன்னைக்கு என்ன சாப்பிட்டாளாம்?" என்று கேட்டான். அவனுடைய சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்காரர் பாதி மாத்திரை போதும் என்றார். உலகம்மைக்கு அந்த நல்ல சேதியும் பொறுக்கவில்லை. தன் புருஷன் பிழைப்பதற்கு இன்னொருத்தி வயிறு காரணம் என்றால் அந்தப் பிழைப்பை எந்தக் கண்ணால் பார்ப்பது?

யாருக்கும் தெரியாமல் அவளும் முயன்று பார்த்தாள். காலையில் பப்பாளி மட்டும் தின்றாள். மத்தியானம் வெறுஞ்சோறு. சேர்க்கையின் ராணி, வெறுஞ்சோற்றை உப்பில்லாமல் விழுங்கினாள். சாயங்காலம் வேகவைத்த சேப்பங்கிழங்கு. பொறாமைக்கு இவ்வளவு பத்தியம் தேவைப்படும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அவள் வயிற்றிலும் சத்தம் வந்தது. மூடி சரியாகப் பொருந்தாத குக்கரின் சீறல். கூடத்தில் இருந்த மகள் கல்யாணி, "எம்மா, அடுப்ப அமத்து" என்றாள்.

அன்று உலகம்மை பப்பாளியைக் கொல்லையில் எறிந்தாள். தன் வயிறு ஊதாது, சரி. அப்படியானால் ஆவுடை வயிறும் ஊதக் கூடாது.

கல்யாணிக்கு மாசியில் கல்யாணம். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைக்க வேண்டும், சொதி வைக்காவிட்டால் தாலி கட்டியும் பாதிதான் கல்யாணம். தேங்காயை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் சிறுபருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவைத்து, முதல் பாலை ஊற்றிப் பொங்குமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். பால், பருப்பு, கிழங்கு, புளிப்பு, அதன் கீழே சோறு. ஆவுடை எதையெதைச் சேரக் கூடாது என்றாளோ அதெல்லாம் ஒரே பாத்திரத்தில் கைகோத்து உட்கார்ந்திருக்கும். தேங்காய்ப் பால் மந்தம் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் யாரும் சொதி பரிமாறுவதில்லை. சொதி கெடுக்கும், இஞ்சி காக்கும், அதுதான் அதன் தர்மம். ஆனால் பொழுது சாய்ந்தால் இஞ்சி ஆகாது. அதுவும் ஆவுடை சொன்னதுதான்.

உலகம்மை ராகுகாலம், எமகண்டம் என்று என்னவோ சொல்லி மத்தியான விருந்தை விளக்கு வைத்த பிறகு என்று மாற்றினாள். பிறகு ஆவுடையின் வாசலில் போய் நின்றாள். சங்கரலிங்கம் போன பிறகு அந்த வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"ஏளா ஆவுட, நாளைக்கிச் சாயங்காலம் நீ வீட்ல அடுப்புப் பத்தவைக்கப்படாது. மொதப் பந்தியில உட்காந்து என் கையால சாப்பிடணும். சித்தி சாப்பிடாம என் மகளுக்கு என்ன விருந்து?"

ஆவுடை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொதப் பந்தியிலயாக்கா? நானா?"

"பின்ன யாரு?"

ஆவுடையின் கண் நிறைந்ததை உலகம்மை பார்த்தாள். பார்த்தும் மனசு மாறவில்லை. பொறாமை அப்படித்தான், கண்ணீரைப் பார்த்தால் அதிலும் பங்கு கேட்கும்.

விருந்தன்று ஊர்க்காரர்கள் பொழுது விழுமுன் சாப்பிட்டுவிட்டோம் என்று வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆவுடை அன்று சாயங்காலம் அடுப்புப் பத்தவைக்கவில்லை. சூரியன் சாயும்போது ஊதத் தொடங்கிய சங்கு விளக்கு வைத்தும் நிற்காமல், விட்டு விட்டு, தாலாட்டுக்கு அடங்காத பிள்ளைபோல ஊதிக்கொண்டே இருந்தது. சம்பந்தி அம்மாள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள்.

உலகம்மை தன் கையால் பரிமாறினாள். ஆவுடை இலையில் சோற்றைக் குவித்து, குழி பறித்து, அதில் சொதியை ஊற்றினாள். இரண்டாவது கரண்டியும் ஊற்றினாள். உருளைக்கிழங்கு வறுவலை வைத்தாள். எல்லார் இலைக்கும் இஞ்சிப் பச்சடி போனது. ஆவுடையின் இலைக்கு வந்ததும் பச்சடிக் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொழுது சாஞ்சாச்சுல்லா. இஞ்சி ஆகாதுன்னு நீதானளா சொன்ன."

ஆவுடை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்வையில் தெரிந்துகொண்டது போலவும் இருந்தது, தெரிந்துகொள்ள விரும்பாதது போலவும் இருந்தது. குனிந்து முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள். சங்கு பாதி ஊதலில் நின்றது. பிறகு அவள் தலை நிமிரவில்லை. சொதி கேட்டு வாங்கினாள், மறுசோறு கேட்டு வாங்கினாள், விரல்களின் நடுவில் வழிந்ததை முழங்கைக்குப் போகவிடாமல் வழித்து உண்டாள். கைலாசத்தின் குனிந்த தலையைத் தவிர வேறொரு தலை தன் சமையலுக்கு முன்னால் அப்படிக் குனிந்து உலகம்மை பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதவில்லை.

இலைகள் விரிந்து காய்ந்தன. பட்டர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். பஸ் பாலத்தடியில் நின்றது, பொட்டலம் பிரியவில்லை. புளியமரத்தடியில் பழைய தொழிலாளிகள் தூக்குவாளி மூடிமேல் கையை வைத்தபடி இருந்தார்கள். பசியை இன்னொருத்தி வயிற்றில் கொடுத்து வைத்துவிட்ட ஊருக்குத் தன் பசி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியவில்லை. கைலாசம் சுவரில் காதை வைத்தான்.

"என்ன போட்ட அவளுக்கு?"

"சொதி போட்டேன். இஞ்சி போடல. அவ சட்டந்தான அது."

கைலாசம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் இலைமுன் யாரும் இல்லை.

சாயங்காலமும் ஊதாமல் போகவே, பயம் பிடித்து, உலகம்மை இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள் என்று நினைத்தாள். ஆவுடை பாயில் கால் நீட்டி மல்லாந்து கிடந்தாள். முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைபோல மினுங்கியது.

"வயித்த வலிக்கா?"

"இல்லக்கா. நெறஞ்சு கெடக்கு. இன்னும் எறங்கல."

"உனக்கு அது விஷமில்லையாளா? பாலும் புளிப்பும், சோறும் கெழங்கும்?"

ஆவுடை சிரித்தாள். "அது முகாமுல சொன்னது. எங்க வீட்டு அவுக போன பெறகு ஒத்த ஆளுக்கு என்னத்த சேக்க? சோறு வச்சா சோறு. கெழங்கு அவிச்சா கெழங்கு. ஒரு கூட்டு, ஒரு பொரியல்னு யாருக்குப் பண்ண? அதையே வைத்தியம்னு முகாமுல சொன்னாக. நமக்குத் தோதாப் போச்சேன்னு வந்துட்டேன்."

உலகம்மை இஞ்சிச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இனி ஊதாதா?"

"பசிச்சா ஊதும்" என்றாள் ஆவுடை.

அந்த ஒரு சொல்லை உலகம்மை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பசித்தால் ஊதும். பசிக்காவிட்டால் ஊதாது. மறுநாள் காலையில் ஆவுடையைக் கூப்பிட்டுத் தன் அடுக்களையில் உட்காரவைத்து ஆப்பமும் தேங்காய்ப் பாலும் போட்டாள். மத்தியானத்துக்கு முன்பே புளிக்குழம்பும் அவியலும் போட்டாள். சாயங்காலம் வயிறு முனகுமுன் அடையும் வெல்லமும் போட்டாள். இரக்கத்தில் போடவில்லை. என் கரண்டி ஓயாதவரை உன் சங்கு ஊதாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டாள். ஆவுடைக்குக் கன்னம் பூரித்தது, நடை கனத்தது. அவள் சாப்பிடும்போது பழைய கதை பேசினாள், சங்கரலிங்கத்தைப் போலப் பேசிக் காட்டினாள். உலகம்மை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

ஊர் பொறுக்கவில்லை. வாயு திரும்பி வந்துவிட்டது, வேளை மறுபடி சிதறிவிட்டது. பலவேசம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மதினி, தப்பா எடுத்துக்கப்படாது. ஆவுடைக்குக் கொஞ்ச நாளைக்கிச் சோறு போடாம இரிங்க. அவ வீட்ல அவ இருக்கட்டும். பழைய மாதிரி. நாங்க பழம் குடுத்துருவோம்."

உள்ளே ஆவுடை கவளத்தைக் கையில் வைத்தபடி நிறுத்தினாள்.

உலகம்மைக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அன்று வந்தது. "அவ என் ஓரவத்தி. அவளப் பட்டினி போட எனக்குத்தான் உரிமை இருக்கு. ஊருக்கு என்ன இருக்கு?"

அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் கைலாசம் சுவரைவிட்டு எழவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டான், சோற்றைத்தான் சங்குக்குப் பிறகு என்று தள்ளினான். இரண்டு வாய் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும் என்று மருந்துக்காரர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். "ஊதட்டும்" என்றான். பங்குனி வெயில் முற்றத்தில் கொதித்த ஒரு மத்தியானம், அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் நடுங்கின. சுவரிடம், "ஊதுது, ஊதுது" என்றான். ஒன்றும் ஊதவில்லை.

அடுக்களையில் ஆவுடை இலைமுன் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள்.

"அக்கா, நான் போறேன். ரெண்டு வேளை விட்டாப் போதும், தானா ஊதிரும். அத்தான் சாப்பிடுவாக."

"ரெண்டு வேளை அவுக தாங்க மாட்டாக. உட்காரு."

"அக்கா."

"உட்காருன்னு சொல்லுதேன்லா."

உலகம்மை அடுக்களை நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்யாத ஒன்று, மாமியார் செய்யாத ஒன்று, லைனில் எந்தப் பெண்ணும் மானத்தை விட்டுச் செய்யாத ஒன்று தொண்டையில் நெருஞ்சிமுள்ளாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் முதலில் அடிவயிற்றில் முனகலாகத்தான் தொடங்கியது. பிறகு மேலேறி, அடுக்களைப் புகையைத் தாண்டி, ஓட்டைத் தாண்டி, தென்னைகளையும் கோபுரத்தையும் தாண்டி, மலையில் போய் முட்டியது.

"ஏங்க, சாப்பிட வாங்க."

பாதி அதட்டல், பாதி கெஞ்சல். கைலாசம் திடுக்கிட்டுத் திரும்பினான். கார் ஜன்னலோரம் தன் கையைப் பிடித்துக்கொண்ட ஒரு பெண்ணைத் தேடுபவன்போல அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, தள்ளாடி, இலைமுன் வந்து உட்கார்ந்தான். அவள் முதலில் வெல்லக் கட்டியை அவன் வாயில் வைத்தாள், பிறகு சோற்றைப் போட்டாள், சொதியை ஊற்றினாள், பக்கத்தில் இஞ்சிப் பச்சடியை வைத்தாள். தலை குனிந்தது. வெகு நேரம் குனிந்தே இருந்தது.

வெளியே புளியமரத்தடியில் வாளிகள் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு நடுவில் நின்று, அவளும் தன் புருஷனைக் கூப்பிட்டாள். அதற்கடுத்த வீட்டில் இன்னொருத்தி. சிலர் தயங்கித் தயங்கி, சிலர் திட்டிக்கொண்டே, சிலர் போன புருஷனின் பெயரை வாய்தவறிச் சொல்லி. அன்று தொடங்கி அந்த ஊரின் மத்தியானம் பெண்களின் குரலாயிற்று. பட்டரும் அதற்குத்தான் கற்பூரம் ஏற்றினார்.

கைலாசம் மோருக்குக் கையை நீட்டினான். நீட்டியபடியே கேட்டான், "ஆவுட சாப்பிட்டாளா?"

உலகம்மையின் அடிவயிற்றில் கங்கு புரண்டது. மோர்ப் பானையைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள். "உள்ள உட்காந்து தின்னுகிட்டுத்தான் இருக்கா" என்றாள்.

ஆவுடை அதற்குப் பிறகு உலகம்மை வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டாள். அவள் வயிறு மறுபடி ஊதவில்லை. மறு வருஷம் அவளுக்குச் சர்க்கரை வந்தது.